இருபது கிலோவுக்குக் கீழே

எங்கள் எடைமேடைக்கு
இருபது கிலோவுக்குக் கீழே எதுவும் தெரியாது.
நாற்பது டன் லாரியை ஏற்றினால்
அட்சரம் பிசகாமல் சொல்லும்.
ஆள் ஏறி நின்றால்
கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ.
கூழைக்கடா வந்து நின்றால்
பூஜ்யம், சிவப்பில்.
அது அலகைச் சாய்த்து எண்ணைப் பார்க்கும்.
எனக்குத்தான் வெட்கமாயிருக்கும்.

எண்ணூரில்
ஆறு கடலுக்குள் போகத் தயங்குகிற இடத்துக்குச்
சற்று மேலே எங்கள் உருக்காலை.
மதிலுக்கு இந்தப் பக்கம் பழைய இரும்புக் குன்று.
அந்தப் பக்கம் கொசஸ்தலை.
அக்கரையில் அலையாத்திப் புதரும்
‘காப்புப் பகுதி, அத்துமீறி நுழையாதீர்’ என்று
வனத்துறை நட்ட பலகையும்.
பலகையின் கால்கள் எங்கள் ஆலைக் கம்பிதான்.
சீட்டு நான்தான் போட்டேன்.

இரவுப் பணி.
பாரத்தோடு லாரி வரும்போது ஒரு எடை,
காலியாகப் போகும்போது ஒரு எடை.
முன்னதில் பின்னதைக் கழித்தால்
ஊரில் அன்று உடைந்ததின் நிகரம்.
ஜன்னல் கம்பி, ஆஸ்பத்திரிக் கட்டில்,
தையல் மிஷின் சக்கரம்,
‘அந்தோணியார் துணை’ என்று எழுதிய படகு இன்ஜின்.
ஒருமுறை பள்ளிக்கூட ஊஞ்சல்,
சங்கிலி அறுபடாமல்.
அதை மட்டும் கிரேன்காரர் ரங்லால் மஹதோ
கடைசிவரை தூக்கவில்லை.
காந்தம் சரியில்லை என்றார்.
விடிந்ததும் அடுத்த ஷிப்டின் காந்தம் தூக்கியது.

பன்னிரண்டு நாற்பதுக்கு உலை வாய் திறக்கும்.
அக்கரையில் விடிந்துவிடும்.
நாரைகள் எழுந்து
ஒரு சுற்றுச் சுற்றி
ஏமாந்து இறங்கும்.
திரும்ப மூன்று பத்துக்கு.
‘பறவைக்கு ஓவர்டைம், காசு இல்லை’ என்பார் மஹதோ
தன் தமிழில்.

வருஷத்துக்கு ஒருமுறை முத்திரை ஆய்வாளர் வருவார்.
கணக்கான எடைக்கற்களை வரிசையாக ஏற்றி இறக்கி
எல்லாம் சரி என்று
ஈயத்தில் முத்திரை குத்திப் போவார்.
நியாயமான மனிதர். டீகூடக் குடிக்கமாட்டார்.

ஆற்றோரத் தடத்தைச் சாம்பல் சேறு மூடியபின்
தேசம்மா எங்கள் வாசல் வழியாகத்தான்
பஸ்ஸுக்குப் போகிறாள்.
கழுத்தளவு நீரில் அமர்ந்து நகர்ந்து
அடிமண்ணைக் கையால் துழாவி
இறால் பிடிப்பவள்.
பறியைப் பல்லால் கவ்விக்கொள்வாள்.
ஒருநாள் ஈரச் சேலையோடு மேடையில் நின்றாள்.
‘என்னை நிறுத்துப் பாரேன்.’
நாற்பது.
பறியை இறக்கித் தரையில் வைத்துவிட்டு
மறுபடி ஏறினாள்.
நாற்பது.
‘இறாலுக்கு எடையே இல்லியா?’
‘இருக்குதுக்கா. இதுக்குத் தெரியாது.’
‘காசிமேட்டு யாவாரி இதையேதான் சொல்றான்’ என்று
சிரித்துக்கொண்டே போனாள்.
முன்பற்கள் தேய்ந்திருந்தன, பறி கவ்வும் இடத்தில்.

இரவெல்லாம் புகைபோக்கியிலிருந்து
மாவு போல ஒன்று இறங்குகிறது.
என் சோற்று டப்பா மூடியில்
விரலால் பெயர் எழுதலாம்.
எழுதியிருக்கிறேன்.
மேடையின் பதினெட்டு மீட்டர் நீளத்திலும்
அதுதான் இறங்குகிறது.

மார்கழியில் ஒருநாள், நாலரை மணி.
மேடையில் லாரி இல்லை, ஆள் இல்லை, நாய்கூட இல்லை.
எண் துடித்தது.
0.
20.
0.
20.
பிறகு நின்றது, இருபதில்.

ஷிப்ட் இன்சார்ஜ் துரைக்கண்ணு எட்டிப் பார்த்தார்.
‘ஜீரோ அடிங்க சார், வண்டி நிக்குதுல்ல.’
அடிப்பதற்கு முன்னால்
ஏனோ ஒரு சீட்டு எடுத்தேன்.
மொத்தம்: 20.
வண்டி எண்: இல்லை.
சரக்கு என்ற கட்டத்தில் பேனா நின்றது.
வெளியே ஹாரன்.

அப்போதுதான் ஒரு கொக்கு
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
மேடையின் ஒரு முனையில் ஏறி
மறுமுனைக்கு நடந்தது, அவசரமில்லாமல்.
எண் அசையவில்லை.
கரியில் மட்டும்
மும்மூன்று விரலாக
நெடுக, நெடுக, வாசல் வரை.